கடலில் கோடு போடுகிறவர் யார்?



சம்பளம் போட்ட மறுநாள் காலையில் ஹாரன் அடித்துக்கொண்டு லயத்துக்கு வரும் மீன்காரரை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு பெட்டி, பெட்டி நிறைய ஐஸ், ஐஸுக்குள் கெம்போங், நெத்திலி, கொஞ்சம் இறால். "எங்கேருந்து தம்பி வருது?" என்று கேட்டால், "லுமுட் மீன்க்கா, ராத்திரி பிடிச்சது" என்பார். ராத்திரி பிடித்ததா, முந்தாநாள் பிடித்ததா என்பது செவுளைத் தூக்கிப் பார்க்கும் நம் தாய்மார்களுக்குத் தெரியும்! தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிவந்துவிட்டவர்கள் அதே மீனை இன்று ஈப்போ மார்க்கெட்டில் வாங்குகிறோம். ரப்பர் மரத்தடியில் பிறந்து வளர்ந்த நமக்கும் கடலுக்கும் உள்ள தொடர்பு அநேகமாக அந்த ஐஸ் பெட்டியோடு சரி.

அப்படியிருக்க, கடலை யார் பங்கு போடுவது என்ற விஷயம் நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கொஞ்சம் பொறுமையாகப் படித்துக்கொண்டு வாருங்கள். தோட்டத்துக்கே திரும்பி வருவோம்.

கடலிலும் எல்லைக்கோடு

நிலத்துக்கு எல்லைக்கல் உண்டு. வெட்டு மரத்துக்குக்கூட 'இது உன் நிரை, அது என் நிரை' என்று கணக்கு உண்டு. கடலுக்கும் அப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கும்.

1960-களில் நம் மேற்குக் கரைக்கு இழுவலைப் படகுகள் வந்தன. கனமான வலையைக் கடலடியில் போட்டு இழுத்துக்கொண்டே போகும் படகு இது. பெரியது, சிறியது, முட்டையிட வந்தது, எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும். கரையோரம் சின்னப் படகில் வலை விரித்திருந்தவர்களின் வலையும் அதோடு சேர்ந்து அறுந்து போகும். வலை போனால் அந்தக் குடும்பத்தின் அரிசி போனது போலத்தான். சண்டை மூண்டது. படகுகள் கொளுத்தப்பட்டன, உயிர்களும் போயின. கடைசியில் 1980-களின் தொடக்கத்தில் அரசாங்கம் கடலை வளையம் வளையமாகப் பிரித்தது. கரையிலிருந்து 5 கடல் மைல், அதாவது சுமார் 9 கிலோமீட்டர் வரை பாரம்பரிய மீனவர்களுக்கு. அதற்கு அப்பால் 12 மைல் வரை நடுத்தரப் படகுகளுக்கு. பெரிய படகுகள் அதையும் தாண்டிப் போக வேண்டும் என்று அப்போது வைத்தார்கள்.

நல்ல ஏற்பாடுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மைல் கணக்கில் போட்ட கோட்டுக்கு, எந்தக் கழிமுகத்தில் இறால் குஞ்சு வளர்கிறது, எந்தச் சேற்றில் கெராங் விளைகிறது என்பதெல்லாம் தெரியாது. அது தெரிந்தவர் அங்கேயே பிறந்து அங்கேயே மீன் பிடிக்கிறவர். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கோடு போட்டால் எப்படி இருக்கும்? உலகத்தில் சில இடங்களில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது.

சபாவின் வட முனையில்

சபா மாநிலத்தின் வட கோடியில் கூடாட், கோத்தா மருடு, பித்தாஸ் என்று மூன்று மாவட்டங்கள். அவற்றுக்கு எதிரே ஐம்பதுக்கும் மேற்பட்ட தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. மலேசியாவிலேயே பெரிய தீவான பங்கி அங்கேதான் இருக்கிறது. ருங்குஸ், பஜாவ், ஊபியான், சூலுக், பங்கித் தீவின் பூர்வகுடிகளான பொங்கி மக்கள் எனப் பல இனத்தார் அங்கே வாழ்கிறார்கள். எண்பதாயிரம் பேருக்கு மேல் அந்தக் கடலை நம்பியிருக்கிறார்கள். நாள் ஒன்றுக்குச் சுமார் 100 டன் மீன் அங்கே கிடைப்பதாகக் கணக்கு.

மீன் வளம் இருக்கும் இடத்தில் பேராசையும் வந்துவிடும் அல்லவா? மரத்துக்குப் போடும் உரத்தைக் கொண்டே குண்டு செய்து கடலில் வீசுகிறவர்கள் அங்கே இருந்தார்கள். இன்றும் இருக்கிறார்கள். ஒரு வெடியில் மீன் செத்து மிதக்கும், அதோடு பவளப் பாறையும் நொறுங்கிவிடும். நொறுங்கிய பாறை மறுபடி வளர ஒரு மனிதனின் ஆயுள்கூடப் போதாமல் போகலாம். பாறை இல்லாவிட்டால் மீனுக்கு வீடு இல்லை.

2003-இல் சபா அரசாங்கம் இந்தக் கடலைப் பூங்காவாக அறிவிக்கப் போவதாகச் சொன்னது. 'பூங்கா' என்ற சொல்லைக் கேட்டதும் கம்பத்து மக்களுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். பூங்கா என்றால் வேலி, வேலி என்றால் 'உள்ளே வராதே'. தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்த இடத்தில் நாளைக்கு வலை போட்டால் குற்றம் என்றாகிவிட்டால் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது?

ஆனால் அங்கே செய்தது வேறு. பங்கிக்கு அருகே மலியாங்கின் என்று ஒரு சின்னத் தீவு. 2006-இல் அந்தத் தீவு மக்களும் சபா பூங்கா நிர்வாகத்தாரும் சேர்ந்து, தீவைச் சுற்றி ஒரு பகுதியை மீன் பிடிக்காத இடமாக ஒதுக்கி வைத்தார்கள். காவலுக்கும் அந்த மக்களே பொறுப்பு. அது ஒரு வெள்ளோட்டம் போல. அதன் பிறகு பெரிய வேலை தொடங்கியது. கம்பம் கம்பமாகப் போய்ப் பேசினார்கள். எங்கே வலை போடுகிறீர்கள், எங்கே தூண்டில் போடுகிறீர்கள், எந்த இடம் உங்களுக்கு முக்கியம் என்று கேட்டுப் படத்தில் குறித்தார்கள். கூடாட்டில் பெரிய படகு வைத்திருப்பவர்களையும் கேட்டார்கள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு கணினி முறையைக் கொண்டு, பாறையும் மீனும் பிழைக்க வேண்டும், மீனவருக்கும் நஷ்டம் குறைய வேண்டும் என்ற இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டார்கள். கணினி ஒரு படம் தரும், அதை மறுபடி மக்களிடம் காட்டி 'இங்கே சரியா, அங்கே சரியா' என்று கேட்பார்கள். கோடுகள் இடம் மாறும்.

இப்படியே 13 வருடங்கள் ஓடிவிட்டன! 2016 மே மாதம் தூன் முஸ்தபா பூங்கா அரசாங்கப் பதிவேட்டில் ஏறியது. சபாவின் முதல் ஆளுநராக இருந்த தூன் முஸ்தபாவின் பெயர் அதற்கு. பரப்பு கிட்டத்தட்ட 9 லட்சம் ஹெக்டர். அதில் நாலு விதமான பகுதிகள் உண்டு. ஒன்றில் யாருமே மீன் பிடிக்கக் கூடாது. இன்னொன்று கரையோரக் கம்பத்து மக்களின் உபயோகத்துக்கு. மூன்றாவது சிறு மீன்பிடிப்பு, சுற்றுலா என்று பல காரியங்களுக்குப் பொது. நாலாவது பெரிய படகுகளுக்கு. பூங்காவுக்குள்ளேயே மீன் பிடிக்கலாம் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அவரவர் இடத்தில், அவரவர் முறையில்.

எல்லாம் சுகமாக முடிந்துவிட்டதா என்றால், இல்லை. அவ்வளவு பெரிய கடலுக்குக் காவல் போட ஆளும் படகும் எவ்வளவு இருந்தாலும் போதாது. இன்னொரு சங்கடமும் உண்டு. சபாவின் கடற்கரையில் அடையாளக் கார்டே இல்லாமல் படகிலும் கால் வீட்டிலும் வாழும் கடல் மக்கள் பலர் இருக்கிறார்கள். கூட்டத்துக்கு வந்தால் 'உன் கார்டு எங்கே' என்று கேட்பார்களோ என்று பயந்து அவர்கள் ஒதுங்கியே இருப்பார்கள். கடலை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை, ஆனாலும் காகிதத்தில் அவர்கள் இல்லை. சிவப்பு ஐசியை வைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்த குடும்பங்கள் நம்மிலும் உண்டு. அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று அவர்களைக் கேளுங்கள்.

நம் தாய்த் தமிழகத்திலும் கடலைப் பங்கு போடும் வழக்கம் பழையதுதான். சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்ற முறை இருக்கிறது. எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று கிராமத்தார் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். நல்ல இடம் எல்லோருக்கும் முறை வைத்துக் கிடைக்கும். சர்க்கார் அதிகாரி யாரும் வந்து சொல்லிக்கொடுத்ததல்ல. ஆனால் அந்தச் சீட்டில் பெயர் சேர எல்லோருக்கும் உரிமை கிடைக்கவில்லை. சில சமூகத்தார் வெளியிலேயே நிற்க வைக்கப்பட்டார்கள், அதனால் தகராறுகளும் வந்தன. நம்மவர் செய்தது என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை. இராமேஸ்வரம் பக்கம் 1970-களின் பிற்பாதியில் இன்னொரு வழி கண்டார்கள்: வாரத்தில் 3 நாள் இழுவைப் படகுக்கு, 4 நாள் நாட்டுப் படகுக்கு. இடத்துக்குப் பதிலாக நாளைப் பிரித்துக்கொண்டார்கள்.

ஒரே காகிதத்தில் இரண்டு பத்தி

சபாவில் மேசையைப் போட்டது அரசாங்கம்தான், மக்களை அழைத்ததும் அரசாங்கம்தான். அந்த மேசையிலேயே பாதி நாற்காலி மக்களுடையதாக இருந்தால்? அதற்கு நாம் கனடாவுக்குப் போக வேண்டும்.

கனடாவின் மேற்குக் கரையில், பசிபிக் கடலில், ஹைடா குவாய் என்று ஒரு தீவுக் கூட்டம். ஹைடா என்ற பூர்வகுடி மக்களின் ஊர். வெள்ளைக்காரர் வந்து 'குவீன் சார்லட் தீவுகள்' என்று பெயர் வைத்தார்கள். 1862-இல் பெரியம்மை வந்தது. ஆயிரக்கணக்கில் இருந்த மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்து, கடைசியில் சில நூறு பேர்தான் மிஞ்சினார்கள். ஊர்கள் காலியாகிச் சிற்பத் தூண்கள் மட்டும் கடலைப் பார்த்து நின்றன.

பிறகு மரம் வெட்டும் கம்பெனிகள் வந்தன. 1985-இல் லையல் தீவில் ஹைடா மக்கள் மரம் வெட்டும் பாதையில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். முதலில் கைதானவர்கள் ஊரின் மூத்தவர்கள். தங்கள் மரபுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கைது செய்ய வந்த போலீஸ்காரர்களில் ஒருவரும் ஹைடா இனத்தவரே! தன் ஊர்ப் பெரியவர்களைத் தானே கையைப் பிடித்து அழைத்துப் போன அந்த மனிதரின் மனம் என்ன பாடு பட்டிருக்கும்! மொத்தம் 72 பேர் கைதானார்கள். அந்தக் காட்சி நாடு முழுக்கத் தெரிந்ததும் அரசாங்கம் இறங்கி வந்தது. 1987-இல் மரம் வெட்டு நின்றது.

இதற்குப் பின் நடந்ததுதான் நாம் நின்று படிக்க வேண்டியது. அந்த நிலம் யாருடையது? 'எங்களுடையது' என்றார்கள் ஹைடா. 'அரசாங்க நிலம்' என்றது கனடா. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. அதைத் தீர்த்த பிறகுதான் மற்றது என்று இருந்திருந்தால் இன்றைக்கும் வழக்குமன்றப் படியிலேயே நின்றிருப்பார்கள். 1993-இல் எழுதிய ஒப்பந்தத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரே காகிதத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பத்தி. ஒன்றில் 'இது ஹைடா நிலம்' என்று அவர்கள் எழுதினார்கள். மற்றதில் 'இது அரசாங்க நிலம்' என்று கனடா எழுதியது. கீழே, 'இதில் நமக்கு அபிப்பிராய பேதம் உண்டு, ஆனாலும் இந்த இடத்தைக் காக்க வேண்டும் என்பதில் ஒன்றுபடுகிறோம்' என்ற கருத்தில் இருவரும் கையெழுத்திட்டார்கள். நிர்வாகக் குழுவில் பாதிப் பேர் ஹைடா, பாதிப் பேர் அரசாங்கத்தார். இருவரும் ஒத்துக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

நான் இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டேன். நம் ஊரில் ஒரு கோவில் நிர்வாகத் தகராறில்கூட இப்படி ஒரு காகிதம் எழுத முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்!

2010-இல் இதே ஏற்பாட்டைக் கடலுக்கும் நீட்டினார்கள். சுமார் 3,400 சதுர கிலோமீட்டர் கடல் அந்தக் குழுவின் கீழ் வந்தது. மலை உச்சியிலிருந்து கடலின் அடிவரை ஒரே திட்டம், ஏனென்றால் ஆற்றில் ஏறி முட்டையிடும் சால்மன் மீனுக்கு நிலம் வேறு, கடல் வேறு என்று தெரியாது. அதே ஆண்டில் தீவுகளின் பழைய பெயரும் சட்டப்படி திரும்பி வந்தது. அடுத்த ஆண்டு, 2011-இல், பிரிட்டிஷ் கொலம்பியா மாநில அரசாங்கமும் கரையோரப் பூர்வகுடி இனத்தாரும் இன்னும் பெரிய கடற்பரப்புக்குச் சேர்ந்து திட்டம் போடத் தொடங்கினார்கள். ஒரு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்தப் பரப்பு, நம் பேராக்கைப் போல நாலைந்து மடங்கு. 2015-இல் திட்டங்கள் கையெழுத்தாயின.

கையெழுத்தோடு சண்டை ஓய்ந்துவிடவில்லை. அதே 2015-இல் மத்திய அரசாங்கத்தின் மீன்பிடி இலாகா, ஹைடா குவாய் பக்கம் ஹெர்ரிங் மீனை வணிகத்துக்குப் பிடிக்க அனுமதி கொடுத்தது. மீன் இன்னும் பெருகவில்லை என்று ஹைடா மக்கள் வழக்குமன்றம் போய்த் தடை வாங்கினார்கள். ஒப்பந்தம் இருந்ததால்தான் அவர்கள் வாதத்துக்குப் பலம் இருந்தது. 2024-இல் பிரிட்டிஷ் கொலம்பியா அரசாங்கம் அந்தத் தீவுகளின் நிலம் ஹைடா மக்களுக்கே உரியது என்று ஏற்று ஒப்பந்தம் செய்துகொண்டது. இரண்டு பத்தி எழுதிய 31 ஆண்டுகளுக்குப் பிறகு!

காலி நிலம்

இனி நம் கதைக்கு வருவோம்.

நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் தோட்டம் கைமாறியது, வீடு கட்டப் போகிறார்கள் என்றார்கள். ஒரு நாள் மாலை எங்களைப் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வரச் சொன்னார்கள். சுவரில் பெரிய படம் மாட்டியிருந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டம் கட்டமாக வீடுகளும் கடைகளும். வந்திருந்தவர் மலாயில் விளக்கினார். எங்களில் பாதிப் பேருக்குப் படம் புரியவில்லை.

எங்கள் ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நாற்பது வருடம் மரம் வெட்டியவர். அவர் படத்துக்குப் பக்கத்தில் போய், ஆற்றின் வளைவை விரலால் தடவிப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஆற்றோரம் ஓர் இடம் வெள்ளையாக இருந்தது.

"இது என்னா தம்பி, ஒண்ணும் போடாம இருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

நான் படித்துப் பார்த்தேன். 'தானா கொசொங்' என்று போட்டிருந்தது. "காலி நிலம்னு எழுதியிருக்கு ஆயா" என்றேன்.

"காலி நிலமா? அங்கதானேடா உங்க தாத்தாவப் பொதைச்சோம்" என்றார்.

மண்டபத்தில் சத்தம் நின்றுவிட்டது. வந்தவர் கெட்டவர் அல்ல. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. நில அளவைக் காகிதத்தில் இடுகாடு இல்லை. காளியம்மன் கோவிலும் இல்லை. நூறு வருடம் நாம் வாழ்ந்தது எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. ஆயா அவரிடம் பென்சிலை வாங்கி, எழுதத் தெரியாத கையால் ஒரு வட்டம் போட்டார். கோவிலுக்கு இன்னொரு வட்டம். கிணற்றுக்கு ஒரு புள்ளி.

கோவிலுக்கு அரை ஏக்கருக்கும் குறைவாக ஓர் இடம் கிடைத்தது, கழிவுநீர்க் குளத்துக்குப் பக்கத்தில். இடுகாட்டின் ஒரு ஓரத்தில் சாலை போகிறது. தாத்தாவின் கல் தப்பித்தது. பக்கத்தில் இருந்த பலருடைய கல் தப்பவில்லை. ஆயா வட்டம் போட்டபோது கோடுகள் ஏற்கெனவே முடிவாகியிருந்தன. ஒரு வருடம் முந்தி அந்தப் பென்சில் அவர் கைக்கு வந்திருக்க வேண்டும்.

நம் முன்னோர் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். தோட்டத் துண்டாடலின்போது, அதே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கினார்கள், சங்கம் தோட்டங்களையே வாங்கியது. ஆனால் எல்லாத் தோட்டத்தையும் வாங்கிவிட முடியவில்லை.

இன்றைக்கு ஒரு வழி சட்டத்தில் இருக்கிறது, நம்மில் பலருக்குத்தான் தெரிவதில்லை. 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, தீபகற்ப மலேசியாவில் ஊராட்சி மன்றம் தன் வட்டாரத்துக்கான 'ரஞ்சாங்கான் தெம்பாத்தான்' என்ற நகல் திட்டத்தை முடிவாக்கும் முன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது 4 வாரம் அவகாசம் கொடுக்க வேண்டும். ஆட்சேபங்களைக் கேட்க விசாரணை நடத்தவும் சட்டத்தில் இடமுண்டு. அறிவிப்பு பத்திரிகையில் வரும், மன்றத்தின் பலகையிலும் இருக்கும்.

அப்படி ஓர் அறிவிப்பு வந்தால், வேலைக்கு அரை நாள் லீவு போட்டாவது போய்ப் பாருங்கள். ஊரில் வயதானவர் ஒருவரையும், மலாய் நன்றாகப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆற்றையும் பழைய ரோட்டையும் முதலில் கண்டுபிடியுங்கள், பிறகு உங்கள் இடம் தானாகத் தெரியும். கோவில், இடுகாடு, தமிழ்ப் பள்ளி, கிணறு, திடல் ஆகியவை படத்தில் இருக்கின்றனவா, என்ன பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள். 'காலி நிலம்' என்று எங்கே போட்டிருந்தாலும் இரண்டு முறை பாருங்கள். விடுபட்டிருந்தால் எழுத்து மூலமாகக் கொடுத்து, கொடுத்ததற்கு முத்திரை வைத்த நகலை வாங்கிக்கொள்ளுங்கள். கடிதம் எழுத வராவிட்டால் பக்கத்துத் தமிழ்ப் பள்ளி ஆசிரியரிடம் கேளுங்கள். மறுக்க மாட்டார்.